நூல் வரைக்கும் இழுத்தவன் சொல்வது

போன ஆடியில் என் மருமகன் கோலாலம்பூரிலிருந்து பேசினான். சிகரெட்டை விட்டு வேப்புக்கு மாறி ஒன்றரை வருடம் ஆகிறது அவனுக்கு. "மாமா, அஞ்சு பர்சென்ட்லேர்ந்து மூணுக்கு இறங்கிட்டேன். அடுத்து ரெண்டு, அப்புறம் ஜீரோ. சரியாப் போயிக்கிட்டிருக்கேன்ல?" என்றான். குரலில் ஒரு பெருமை.

"மாசம் எத்தனை வாங்குறே?" என்று கேட்டேன்.

"முன்ன மூணு வாங்குவேன். இப்ப அஞ்சு ஆகுது."

மூவைந்து பதினைந்து. ஐம்மூன்று பதினைந்து. நான் ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு அவனே சிரித்துவிட்டான்.

மலேசியாவில், கிள்ளானில் மளிகை மொத்தக்கடை ஒன்றில் பத்தொன்பது வருடம் கணக்குப்பிள்ளையாக இருந்தவன் நான். ஊர் திரும்பி, பொன்னமராவதியில் உட்கார்ந்து இத்தனை வருடம் ஆன பிறகும் எதைப் பார்த்தாலும் பற்று வரவாகத்தான் தெரிகிறது. மருத்துவம் எனக்குத் தெரியாது. பீடியை விட்ட கதை தெரியும், கணக்குத் தெரியும். மலேசியாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் விடுப்பில் வரும் பையன்கள் அமரகண்டான் குளக்கரையில் உட்கார்ந்து இதையே மாற்றி மாற்றிக் கேட்கிறார்கள். ஒவ்வொருவனுக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டதால் எழுதி வைக்கிறேன். வேப்பை இதுவரை தொடாதவன் இத்துடன் நிறுத்திக்கொள்ளலாம். இது மாட்டிக்கொண்டவனுக்கு.

1. என் கதையை முதலில் கேள். ஒரு காலத்தில் நாளைக்கு முப்பது பீடி. குறைக்கிறேன் என்று கிளம்பி ஆறு மாதத்தில் பத்துக்கு வந்தேன். ஊரெல்லாம் சொல்லிக்கொண்டேன். அந்தப் பத்திலேயே நான்கு வருடம் நின்றேன். இருமல் அப்படியே இருந்தது, காலை நேரத்து எரிச்சலும் அப்படியே. ஒருநாள் திண்ணையைக் கூட்டிய என் வீட்டுக்காரி, முறத்தில் கிடந்த துண்டுகளைக் காட்டினாள். "முன்னெல்லாம் ஒரு விரக்கடை மிச்சம் வச்சுப் போடுவீங்க. இப்ப நூல் வரைக்கும் கருகியிருக்கே." பீடியில் நூல் எங்கே கட்டியிருக்கும் என்று உனக்குத் தெரியும், வாய் வைக்கும் பக்கம். முப்பதில் கிடைத்ததைப் பத்தில் பிழிந்து எடுத்துக்கொண்டிருந்திருக்கிறேன். எண்ணிக்கையைக் குறைத்த கையே இழுப்பை நீட்டியிருக்கிறது. எனக்கே தெரியாமல்.

வேப்பிலும் இதேதான். லண்டனில் லின் டாக்கின்ஸ் என்ற பேராசிரியரும் அவருடன் இருந்தவர்களும், பழகிப்போன இருபது பேரிடம் ஒரு மில்லியில் 18 மி.கி. நிக்கோட்டின் உள்ள திரவத்தையும் 6 மி.கி. திரவத்தையும் மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்தார்கள். 2018-இல் அந்த ஆய்வு வெளிவந்தது. குறைந்த வலுவுள்ளது கையில் இருந்தபோது கூடுதலாக இழுத்தார்கள், திரவத்தையும் கூடுதலாகக் காலி செய்தார்கள். உடம்பு தன் நிலுவையை வசூலிக்காமல் விடாது. அதனால்தான் சொல்கிறேன், புட்டியில் இருக்கும் எண் பாதிக் கணக்குத்தான்.

2. அட்டையைப் படிக்கக் கற்றுக்கொள். மலேசியக் கடைகளில் சதவீதத்தில் போட்டிருப்பான், பிரிட்டனில் மில்லிகிராமில். பத்தால் பெருக்கினால் போதும்: 5 சதவீதம் என்றால் ஒரு மில்லியில் 50 மி.கி., 3 என்றால் 30, 2 என்றால் 20. ஐரோப்பாவிலும் பிரிட்டனிலும் 20-க்கு மேல் விற்கச் சட்டம் விடாது. நீ "ரொம்பக் குறைச்சுட்டேன்" என்று சொல்லும் 3 சதவீதத்தை அங்கே கடையில் வைக்கவே முடியாது. இது தெரிந்ததும் என் மருமகனுக்கு முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும். வீடியோவில்தான் பார்த்தேன்.

3. பேரேடு போடு. நாற்பது பக்கக் குறிப்பேடு போதும். வாரம் எத்தனை மில்லி தீர்ந்தது, அது எத்தனை மி.கி. வலு, இரண்டையும் பெருக்கினால் என்ன வருகிறது. மூன்று கட்டம்தான். 20 மி.கி. திரவம் வாரம் 10 மில்லி என்றால் 200. 6 மி.கி.க்கு இறங்கி வாரம் 30 மில்லி தீர்த்தால் 180. புட்டியில் எழுபது சதவீதம் இறங்கியிருக்கிறாய், கணக்கில் பத்து சதவீதம். எங்கள் பக்கத்துச் செட்டியார் கடைகளில் வருடக் கடைசியில் ஐந்தொகை எடுப்பார்கள், எல்லாக் கணக்கும் ஒரே தாளில் வந்து உட்காரும். நீ ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஐந்தொகை எடு. மூன்றாவது கட்டம் இறங்கினால்தான் இறக்கம். இந்த எண் அத்தனையும் உன் ரத்தத்துக்குப் போவதில்லை, வீணாவதும் உண்டு. போன வாரத்தையும் இந்த வாரத்தையும் ஒப்பிட அது போதும்.

தீர்ந்ததும் தூக்கி எறியும் வகையில் இந்தக் கணக்குப் போடுவது கடினம். என்று காலியாகிறது என்பதே உனக்குத் தெரியாது, நடுவில் வலுவைக் குறைக்கவும் வழியில்லை. இறங்க நினைப்பவன் முதலில் புட்டியிலிருந்து ஊற்றும் வகைக்கு மாற வேண்டும். பிரிட்டனில் 2025 ஜூன் 1 முதல் தூக்கி எறியும் வகையை விற்கவே கூடாது.

4. ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்று. வலுவைக் குறைக்கிற வாரத்தில் கருவியை மாற்றாதே. கருவியை மாற்றுகிற வாரத்தில் வலுவில் கை வைக்காதே. சின்ன பாட் கருவியில் 20 இழுத்தவன், 3 மி.கி. என்று பெரிய கருவிக்குப் போய்ப் பெருஞ்சூட்டில் மேகம் மேகமாக விட்டால், ஒரு இழுப்பில் போகும் திரவமே பல மடங்கு. எண் சின்னது, வாய் பெரியது.

உப்பு நிக்கோட்டின் என்று ஒன்று சொல்வார்கள். பென்சாயிக் அமிலம் போல ஏதாவது சேர்த்து அதன் காரத்தைத் தணித்திருப்பார்கள். அதனால்தான் 50 மி.கி. கூடத் தொண்டையைக் கீறாமல் இறங்குகிறது. பழைய வகையில் அந்த வலுவை இழுத்துப் பார், முதல் இழுப்பிலேயே கண்ணில் தண்ணீர் வரும். தொண்டை என்பது காவல்காரன். அவனுக்கு மயக்க மருந்து கொடுத்துவிட்டு உள்ளே போகிற சரக்கு இது. உப்பிலிருந்து பழைய வகைக்கு மாறும்போது கொஞ்சம் கீறும். கீறட்டும்.

5. சுமார் கால் பங்குக்கு மேல் ஒரே தடவையில் இறங்காதே. இதில்தான் பையன்கள் அதிகம் சறுக்குகிறார்கள். 20-இலிருந்து ஐந்து குறைத்தால் கால் பங்கு. 10-இலிருந்து அதே ஐந்தைக் குறைத்தால் பாதி. 6-இலிருந்து 3 என்பது காதுக்குச் சின்ன இறக்கமாகக் கேட்கும், உடம்புக்கு அது பாதிச் சம்பளம். மேலே பெரிய அடி வைக்கலாம், கீழே வர வர அடி சின்னதாக வேண்டும். மாடிப்படியில் இறங்கும் கிழவனைப் பார்த்திருப்பாய், கடைசி இரண்டு படியில்தான் கைப்பிடியை இறுக்கிப் பிடிப்பான்.

20, 15, 11, 8, 6 என்று போ. கடையில் 15-உம் 11-உம் கிடைக்காது. ஒரே சுவையில், ஒரே வகையில் 20 ஒரு புட்டி, 10 ஒரு புட்டி வாங்கிச் சரிபாதி கலந்தால் 15, இருபதை மிகக் குறைத்துப் பத்தைக் கூட்டினால் 11. பத்தையும் ஆறையும் பாதிப் பாதி கலந்தால் 8. இதற்கு மேல் ரசாயன வித்தை வேண்டாம். செறிவான நிக்கோட்டினை வாங்கி வீட்டில் கலப்பேன் என்று ஒருவன் சொன்னான். அது தோல் வழியாகவே உள்ளே போகும் விஷம், தம்பி.

ஒவ்வொரு படியிலும் மூன்று வாரமாவது நில். பேரேட்டின் மூன்றாவது கட்டம் இரண்டு வாரம் ஒரே இடத்தில் நின்றால்தான் அடுத்த படி. அவசரப்பட்டு இறங்கி, தாங்காமல் சிகரெட்டுக்குப் போய்விடாதே என்று பிரிட்டன் சுகாதாரத் துறையும் இதையே சொல்கிறது.

6. காலை முதல் இழுப்பைத் தள்ளிப் போடு. உடம்பில் இருக்கும் நிக்கோட்டின் ஏறத்தாழ இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகும். எட்டு மணி நேரம் தூங்கினால் நான்கு முறை பாதி. மிஞ்சுவது பதினாறில் ஒன்று, அதாவது வீசம். விடியும்போது நீ ஏற்கெனவே எட்டு மணி நேரம் விட்டவன். அந்த வெற்றியைப் பல் துலக்குவதற்குள் விற்றுவிடுகிறாய். முதல் வாரம் அரை மணி, அடுத்த வாரம் ஒரு மணி என்று தள்ளு. வலுவைக் குறைப்பதைவிட இது கடினம் என்று என்னிடம் இருவர் சொன்னார்கள். இருவருமே இப்போது விட்டவர்கள்.

7. படுக்கையில் கூடாது, கழிப்பறையில் கூடாது, வண்டியில் கூடாது. சிகரெட் அணைந்துவிடும், பீடி அதைவிடச் சீக்கிரம் அணையும். இது அணையாது. பற்ற வைக்கவும் வேண்டாம், முடிவும் கிடையாது. போன் மாதிரி கையிலேயே இருக்கும். எழுந்து போய் வெளியில் நின்று இழுக்க வேண்டும் என்று ஆக்கினாலே பாதி இழுப்பு உதிர்ந்துவிடும்.

8. வீட்டில் குழந்தை இருந்தால் புட்டியைப் பூட்டி வை. மாம்பழ வாசனை, தர்பூசணி வாசனை, கலர் கலரான புட்டி. குழந்தைக்கு அது ஜூஸ்தான். நீயும் அதை ஜூஸ் என்றுதானே சொல்கிறாய்!

9. எந்த நாட்டில் இருக்கிறாய் என்பதை மறக்காதே. மலேசியாவில் 852-ஆம் சட்டம் 2024 அக்டோபர் 1 முதல் நடப்பில் இருக்கிறது, பதினெட்டு வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு விற்கக் கூடாது. கிளந்தானும் ஜொகூரும் 2015, 16-லேயே தங்கள் மாநிலத்தில் விற்பனையை நிறுத்திவிட்டன.

சிங்கப்பூரில் இருப்பவனுக்கு இந்தப் படிக்கட்டே கிடையாது. 2018 பிப்ரவரி முதல் வைத்திருப்பதே குற்றம். 2025 செப்டம்பரிலிருந்து முதல் முறை பிடிபடும் பெரியவர்களுக்கு 700 வெள்ளி அபராதம். வெளிநாட்டுக்காரன் திரும்பத் திரும்ப மாட்டினால் வேலை அனுமதி போகும், ஊருக்கு ஏற்றிவிடுவார்கள். வேப்புக்குள் எட்டோமிடேட் என்ற மயக்க மருந்தைக் கலந்து விற்ற கும்பல்களால் வந்த கெடுபிடி அது. முகவருக்குக் கட்டக் கடன் வாங்கிப் போனவன் நீ. ஒரு மாம்பழ வாசனைக்காக அதைப் பணயம் வைக்காதே. அங்கே தானாக முன்வந்து உதவி கேட்பவனைத் தண்டிப்பதில்லை, போய்க் கேள். இன்னொரு வேடிக்கை: சூயிங்கம் விற்கத் தடையுள்ள அந்த ஊரில் நிக்கோட்டின் சூயிங்கம் மட்டும் 2004 முதல் மருந்துக்கடையில் கிடைக்கிறது.

நம் ஊரில்? தமிழ்நாடு 2018-லேயே தடை போட்டது. மத்திய அரசு 2019 செப்டம்பரில் அவசரச் சட்டம் கொண்டுவந்து, டிசம்பரில் முழுச் சட்டமாக்கியது. விற்றாலோ, வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்தாலோ முதல் முறைக்கு ஒரு வருடம் வரை சிறை அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், இரண்டும் சேர்ந்தும் வரலாம். "எனக்கு மட்டும்தானே" என்று பெட்டியில் துணிக்கு நடுவில் சுருட்டி வைக்காதே. இங்கே கள்ளத்தனமாக விற்பவனிடமும் வாங்காதே. அந்தப் புட்டியில் என்ன ஊற்றியிருக்கிறான் என்று யாருக்குத் தெரியும்? 2019-இல் அமெரிக்காவில் கள்ளச் சந்தைக் கஞ்சாத் திரவத்தில் வைட்டமின் ஈ அசிட்டேட்டைக் கலந்து விற்றதில் நுரையீரல் கெட்டு, அடுத்த பிப்ரவரிக்குள் 68 பேர் இறந்துபோனார்கள்.

10. திருச்சி விமானம்தான் உன் கடைசித் தேதி. இதைத்தான் நான் யாரிடமும் விட்டுக்கொடுப்பதில்லை. படிப்படியாக விடுகிறேன் என்பவர்களில் பாதிப்பேர் படியிலேயே வீடு கட்டிக்கொண்டு குடியிருக்கிறார்கள். நான் பத்து பீடியில் நான்கு வருடம் இருந்ததைப் போல. ஆக்ஸ்போர்டில் சிகரெட் பிடிப்பவர்கள் 697 பேரை வைத்து 2016-இல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். ஒரு தேதியில் சட்டென்று விட்டவர்களில் நான்கு வாரம் கழித்து 49 சதவீதம் பேர் விட்டபடியே இருந்தார்கள். இரண்டு வாரம் குறைத்துக்கொண்டே வந்து விட்டவர்களில் 39. அது சிகரெட், உன்னுடையது வேப். இருந்தாலும் எனக்கு அது ஒன்றைச் சொல்கிறது: குறைப்பது வேறு, விடுவது வேறு. குறைப்பதற்குப் பல நாள் உண்டு. விடுவதற்கு ஒரே நாள்தான், அதற்குத் தேதி வேண்டும்.

வெளியூரில் வேலை பார்ப்பவனுக்கு அந்தத் தேதியை விமானக் கம்பெனியே அச்சடித்துக் கொடுக்கிறது. டிக்கெட் போட்ட அன்றே பின்னோக்கி எண்ணு. எட்டு மாதம் இருந்தால் எட்டு மாதத்துக்கான படி, நான்கு மாதம் இருந்தால் அதற்கேற்ற படி. விமான நிலையத்துக்குக் கிளம்பும்போது கருவி அங்கேயே குப்பைக்குப் போகட்டும், பேட்டரிக்கென்று தனிக் குப்பைத்தொட்டி இருந்தால் அதில். விட்ட பிறகு முதல் மூன்று நாள்தான் மோசம். எரிச்சல், தூக்கமின்மை, எதிலும் மனம் நில்லாமை. இரண்டிலிருந்து நான்கு வாரத்தில் பெரும்பாலும் அடங்கிவிடும். உன் விடுப்பும் ஏறத்தாழ அவ்வளவுதான். அம்மா கையால் சோறு, வேலை நெருக்கடி இல்லை, கூட நின்று ஊதும் அறைத்தோழன் இல்லை, வாங்கவும் கடை இல்லை. இதைவிட நல்ல இடம் எங்கே கிடைக்கும்?

11. விட்ட பிறகு ஏக்கத்துக்கு நிக்கோட்டின் சூயிங்கம் போட்டால், அதை மிட்டாய் மாதிரி மெல்லாதே. 2 மி.கி., 4 மி.கி. என்று இரண்டு உண்டு. எழுந்த அரை மணிக்குள் புகை தேடுகிறவனுக்குத்தான் பெரும்பாலும் 4 சொல்வார்கள். நீ ஆறாம் உத்தரவைக் கேட்டிருந்தால் 2 போதும். மெதுவாக மென்று, நாக்கில் சுருக்கென்றதும் நிறுத்து. கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கி வை, வெற்றிலை ஒதுக்குவதைப் போல. சுருக்குப் போனதும் மறுபடி இரண்டு மெல்லு. விடாமல் மென்று விழுங்கினால் விக்கல் வரும், வயிறு எரியும். காபி, டீ குடித்துவிட்டுக் கால் மணி நேரம் கழித்துப் போடு, இல்லாவிட்டால் மருந்து வாயில் ஏறாது. இதையும் இரண்டு மூன்று மாதத்தில் குறைத்து நிறுத்த வேண்டும், இதிலும் படியில் வீடு கட்டிவிடாதே. நெஞ்சு வலி, இருதய நோய் உள்ளவன் என்னைக் கேட்காமல் வலையபட்டி அரசு மருத்துவமனையில் டாக்டரைக் கேள். ராத்திரியில் மனசு அலைந்தால் மறுநாள் 1800-11-2356 என்ற இலவச எண்ணில் பேசலாம், புகையிலையை விட உதவ அரசு நடத்துவது.

12. பெட்டிக்கடை. விடுப்பில் வந்தவனைக் கெடுப்பது வேப் இல்லை, இதுதான். பேருந்து நிலையத்தில் இறங்கியதும் பழைய கூட்டாளி ஒருவன் டீயை வாங்கிக் கையில் கொடுத்து, கூடவே சிகரெட் ஒன்றை நீட்டுவான். "வேப்தானே விட்டே, இது வேறதானே" என்பான். வேறுதான், இன்னும் மோசமான வேறு. வேப்பில் நெருப்பு இல்லை, தாரும் கரிப்புகையும் இல்லை. அங்கே ஒன்றரை வருடம் தள்ளி வைத்த சனியனை இங்கே ஒரே டீயில் கூப்பிட்டு உட்கார வைத்தால், இறங்கின படி அத்தனையும் வீண். வேப்புக்குத் திரும்புவதா சிகரெட்டுக்குப் போவதா என்று வந்தால் வேப்பே மேல். ஆனால் அந்தக் கேள்வியே வராமல் முதல் பத்து நாள் பேருந்து நிலையப் பக்கம் டீ குடிக்காதே. வீட்டில் குடி.

பீடியை நேராக விடுகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. புகையில் இருக்கும் தார் காபி, டீயின் காஃபினை உடம்பிலிருந்து வேகமாக விரட்டும். புகை நின்றதும் அதே மூன்று டீ கூடுதல் நேரம் உள்ளே தங்கிப் படபடப்பைக் கொடுக்கும். அது பீடி ஏக்கம் என்று நான் இரண்டு வாரம் ஏமாந்தேன். டீயைப் பாதியாக்கியதும் போய்விட்டது.

13. பூஜ்யம் மி.கி. புட்டி வேண்டுமா என்று கேட்கிறார்கள். சிலருக்கு ஒரு வாரம் உதவும், கைக்கு ஏதோ ஒன்று வேண்டுமென்பதால். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. காலிக் கல்லாவை யாராவது பூட்டிப் பூட்டித் திறப்பார்களா?

என் மருமகன் வாரா வாரம் ஞாயிற்றுக்கிழமை பேரேட்டுப் பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்புகிறான். கார்த்திகையில் மூன்று வாரம் எண் அசையவே இல்லை. ஆறிலிருந்து நாலரைக்கு இறங்கிய இடம் அது. அங்கே வேலையில் ஏதோ தகராறு. நான் ஒன்றும் கேட்கவில்லை. போன வாரப் பக்கத்தில் 3 மி.கி., 8 மில்லி, 24 என்று இருந்தது. டிக்கெட் பங்குனிக்கு, கொன்னையூர் மாரியம்மன் பூச்சொரிதலுக்கு வந்துவிடுவான். திருச்சிக்கு அழைக்கப் போகும்போது சட்டைப்பையில் வைத்துக்கொள்ள 2 மி.கி. சூயிங்கம் அட்டை ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். மருந்துக்கடைக்காரர் என் வயதைப் பார்த்துவிட்டு, "இன்னுமா ஐயா விடல?" என்றார்.